ஒரு தட்டு என்றால் நில்

மெக்னாஸ்
12 ஜனவரி 2014

என் சகோதரன் போவஸ்ஸாவுக்கு ஜிலாலி எழுதுவது. உன்மேல் ஸலாம். உன் மகன், மருமகள், அந்த வாயாடிப் பேத்தி எல்லோர்மேலும் ஸலாம்.

பேனா பிடித்து எத்தனையோ வருஷமாகிறது, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ, "எப்படிடா இருக்கே?" என்று கேட்டாய். நான், "ஒரு குறையும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். யம்னா போனைச் சத்தமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மகள் ரகியா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் காதுபட நான் வேறு என்ன சொல்ல? அதனால்தான் இது. நீ தனியாக உட்கார்ந்து படி.

புரோஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது என்பது உனக்குத் தெரியும். இடுப்பு, கீழ்முதுகு, இடது பக்கத்து விலா. உனக்குத் தெரியாதது வலி. அடிபட்ட வலி வேறு, இது வேறு. நீயும் நானும் வேலை பார்த்த கெனிஃப்ரா பஸ்ஸில் மலை ஏறும்போது கியர் விழாமல் பல்லும் பல்லும் உரசுமே, அது மாதிரி உள்ளே இருந்து அரைக்கிறது. ஜிலாபாவைத் தலைவழியே மாட்டிக்கொள்ளக் கை தூக்க முடியவில்லை. தும்மல் வந்தால் பயம். யம்னா போர்வையைச் சரிசெய்யக் கை வைத்தால்கூடத் துள்ளிவிடுகிறேன். அவள் இப்போது படுக்கையின் அந்த ஓரத்தில் ஒட்டிக்கொண்டு படுக்கிறாள், என் மேல் தெரியாமல் கை பட்டுவிடக் கூடாதென்று.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிறார்கள். ஆண்பிள்ளைச் சுரப்பை நிறுத்துகிற ஊசி. அதனால் உடம்பெல்லாம் திடீரென்று கொதித்து வியர்க்கிறது. யம்னாவுக்கு ஒரு காலத்தில் வந்ததே, அதேதான். அவள் தன் விசிறியை என் மடியில் வைத்துவிட்டு, "இப்பத் தெரியுதா? அன்னைக்கு என்னைப் பாத்துச் சிரிச்சீங்களே" என்றாள். உன்னிடம் சொல்கிறேன், நீ ஊருக்குத் தண்டோரா போடாதே.

டாக்டர் நுஸ்ஹா நம் ரகியா வயதுப் பெண். ஹஜ்ஜுக்குப் போகாத என்னை ஹாஜி என்றுதான் கூப்பிடுகிறாள். வெள்ளைத் தாடி இருந்தால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஹாஜிதான். "வலி எப்படி இருக்கு ஹாஜி?" என்றாள். "அல்ஹம்துலில்லாஹ் மகளே, ஒண்ணுமில்ல" என்றேன். "பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க" என்றாள். "ரெண்டு" என்று சொல்லிவிட்டேன். அவளும் சந்தோஷமாக எழுதிக்கொண்டு, தலைவலிக்குப் போடுகிற மாத்திரையையே மறுபடியும் எழுதிக் கொடுத்தாள். இறைவன் கொடுத்ததைப் பற்றி அந்தச் சின்னப் பெண்ணிடம் போய்ப் புகார் வாசிக்க எனக்கு நாக்கு வரவில்லை.

வியாழக்கிழமை ஹம்மாமுக்குப் போய் ஆவியில் ஊறிக் குளிப்பதும் நின்றுவிட்டது. நீ மகனோடு வெளிநாடு போன பிறகு என் முதுகு தேய்க்க ஆளில்லாமல் இருந்தது. இப்போது ஆள் வந்தாலும் தொட விடமாட்டேன். வேறென்ன எழுத. உன் வீட்டு மாதுளை இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, வாடகைக்காரன் பிள்ளைகளே தின்று தீர்த்துவிட்டார்கள்.

உன்
ஜிலாலி


லியேஜ்
27 ஜனவரி 2014

அடேய் ஜிலாலி,

ஸலாம் முதலில், திட்டு பிறகு. உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். மருமகள் கதவைத் தட்டி, "மாமா, உள்ள உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்கிற அளவுக்கு உன்னைச் சத்தமாகத் திட்டினேன்.

ரெண்டாம். பத்துக்கு ரெண்டாம். கழுதை உதைத்து உன் கை ஒடிந்தபோது அஸ்ரூ சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினவன் நீ. அப்போது மட்டும் வாயில் அல்ஹம்துலில்லாஹ் வரவில்லை.

நான் சொல்வதைக் கேள். நான் பின்கதவில் தொங்கிக்கொண்டு பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நில். இரண்டு தட்டினால் போ. நீ முன்னால் உட்கார்ந்திருக்கிறாய், பின்னால் கிழவி இறங்குகிறாளா, ஆட்டை ஏற்றுகிறானா, உனக்கு எதுவும் தெரியாது. தட்டியதும் நிறுத்துவாய். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஹம்மாமிலும் அதே பழக்கம்தானே நமக்கு. நான் அழுத்தித் தேய்த்தால் நீ கல்தரையில் ஒரு தட்டு. வலி போனதும் இரண்டு தட்டு. அந்த டாக்டர் பெண் இப்போது வண்டியை ஓட்டுகிறாள். உன் எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தட்ட வேண்டியவன் நீ. நீயோ பின்கதவில் நின்றுகொண்டு தஸ்பீஹ் மணி உருட்டுகிறாய்.

அவள் உன் நம்பிக்கையையா, உன் ஈமானையா கேட்டாள்? வலி எத்தனை என்றுதானே கேட்டாள். உள்ளதைச் சொல். பொய்க் கணக்கு சொன்னால் பொய் மருந்துதான் கிடைக்கும். வாய் வரவில்லையென்றால் அவள் மேசையில் தட்டு.

இங்கே மழை. மகன் வீட்டில் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறான், அதற்குள் நின்றுதான் குளிக்க வேண்டும், சந்தையில் கூண்டுக்குள் நிற்கிற கோழி மாதிரி. முதுகு தேய்க்க நீளக் காம்பு வைத்த பிரஷ் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நல்ல பையன்தான். ஆனால் பிரஷ்ஷுக்கு எங்கே அரிக்கிறது என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டரிடம் போய்வந்து எழுது. அதுவரை நான் உன்னோடு போனில் பேசப் போவதில்லை.

போவஸ்ஸா


மெக்னாஸ்
16 பிப்ரவரி 2014

என் கோபக்காரச் சகோதரனுக்கு ஸலாம்.

தட்டினேன். உண்மையாகவே தட்டினேன். டாக்டர் நுஸ்ஹா, "வலி எப்படி?" என்றதும் பழக்கத்தில் அல்ஹம்து வரைக்கும் வாயில் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். அவள் கதவைப் பார்த்து, "உள்ள வாங்க" என்றாள். யாரும் வரவில்லை. பிறகு நம் பஸ் கதையை நான் அவளுக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கேட்டு முடித்துவிட்டு, "சரி ஹாஜி, வண்டிய நிறுத்திட்டேன். சொல்லுங்க" என்றாள்.

எட்டு என்றேன். எழுந்து நடந்தால் ஒன்பது.

யம்னா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் போர்த்தியிருந்த ஹைக்கின் நுனியால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். "எட்டா? நான் தொட்டா விலகிப் போனீங்களே, எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். என்ன தப்புப் பண்ணினோம்னு நாலு மாசமா யோசிச்சிட்டு இருக்கேன்" என்றாள். போவஸ்ஸா, நான் வலியை மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது வேறு வலியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது, கொஞ்சம் அழுதேன்.

மார்ஃபின் சிரப் கொடுத்திருக்கிறாள். பெயரைக் கேட்டதும் பயந்துவிட்டேன். அபின்தானே அது. கடைசிக் காலத்தில் மயங்கிக் கிடந்து கலிமா சொல்லாமல் போய்விடுவேனோ என்று கேட்டேன். அவள், "எட்டு வலியோட உங்களால தொழுகையில மனசு வைக்க முடியுதா?" என்றாள். முடியவில்லை என்றேன், ஸஜ்தாவுக்குக் குனியவே முடியவில்லை. "வலி எவ்வளவோ அவ்வளவுதான் மருந்து. முதல் சில நாள் தூக்கம் வரும், அப்புறம் தெளிஞ்சிடும்" என்றாள். அப்படியேதான் ஆயிற்று. இப்போது நான்கு. நாற்காலியில் உட்கார்ந்து அஸர் முழுவதையும் கவனம் சிதறாமல் தொழுதேன்.

எலும்பைக் கெட்டிப்படுத்த மாதம் ஒரு டிரிப் உண்டாம், அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டச் சொன்னாள். கால் மரத்தாலோ தள்ளாடினாலோ மறுநாளுக்கு வைக்காமல் அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்று யம்னாவிடம் மூன்று தடவை சொன்னாள்.

ஒரு சங்கதி. சிரப்போடு வயிறு இளக ஒரு பொடியும் கொடுத்திருந்தாள். அதெல்லாம் எதற்கு, அத்திப்பழத்தை ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்துத் தின்றால் போதாதா என்று பொடியை அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த வாரம் நான் பட்ட பாட்டை ஒரு மரியாதையான கடிதத்தில் எழுத முடியாது. அத்திப்பழம் நாலு கூடை தின்றிருப்பேன். பிறகு பொடியைக் கலக்கிக் குடித்தேன், இறைவன் டாக்டர்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும்.

இனி போனில் பேசுவாயா?

ஜிலாலி


லியேஜ்
3 மார்ச் 2014

என் உயிர் ஜிலாலிக்கு,

பேசுவேன், ஆனால் எழுதவும் செய்வேன். கடிதத்தில்தான் நீ மனிதனாக இருக்கிறாய்.

உன் அத்திப்பழக் கதையைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பேத்தி, "தாத்தா எதுக்குச் சிரிக்கிறே?" என்று கேட்டாள். என் சிநேகிதன் ஒருவன் பஸ்ஸை நான்கு நாள் பேருந்து நிலையத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டான் என்றேன். அவள் நம்பிவிட்டாள்.

யம்னாவைப் பற்றி எழுதியதை இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை. என் ஸஹ்ரா போன பிறகு படுக்கையில் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. உனக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாள். மருந்தை ஒழுங்காகக் குடித்து அவளை ஓரத்திலிருந்து நடுவுக்கு வரச் சொல்.

ஏப்ரல் கடைசியில் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டான் மகன். வியாழக்கிழமை பார்த்து நாம் ஹம்மாமுக்குப் போகிறோம். நீ ஒன்றும் வாங்கி வைக்காதே, என் தேய்க்கும் கையுறை பெட்டியில்தான் இருக்கிறது, இங்கே யாருக்கும் அது எதற்கென்று தெரியாது. கறுப்புச் சோப்பு மட்டும் வாங்கி வை. விலாப் பக்கம் போகமாட்டேன், தோள்பட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன். இத்தனை மாதத்து அழுக்கை வைத்துக்கொண்டு நீ எப்படித்தான் யம்னாவோடு ஒரே வீட்டில் இருக்கிறாயோ.

போவஸ்ஸா


மெக்னாஸ்
18 மார்ச் 2014

போவஸ்ஸாவுக்கு ஸலாம்.

நீ வருகிற செய்தியை யம்னா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உனக்காக ஆட்டிறைச்சியை உப்பில் ஊறப்போட்டுக் காயவைத்திருக்கிறாள், பூனையை விரட்டுகிற வேலை என்னுடையது.

சிரப் குடித்தால் குமட்டுகிறது என்று டாக்டரிடம் சொன்னேன். பார், இப்போது நானாகவே தட்டுகிறேன். அவள் சிரப்புக்குப் பதில் பட்டை கொடுத்திருக்கிறாள். தபால்தலை மாதிரி ஒன்று, மார்பில் ஒட்டிக்கொண்டால் மருந்து தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குமாம். மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நர்ஸ் எல்லாம் விளக்கிச் சொன்னாள். முடி மழித்து ஒட்டக் கூடாது, கத்தரிக்கத்தான் வேண்டும். பழையதை இரண்டாக மடித்துப் போட வேண்டும், பிள்ளைகள் கையில் கிடைக்கக் கூடாது. சூடான தண்ணீர்ப் பையை அதன்மேல் வைக்கக் கூடாது. நம் வீட்டில் அப்படியொரு பை ஏது, அது பிரெஞ்சுக்காரர்கள் சமாசாரம். அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கவலையில்லை.

வலி மூன்றுக்கு இறங்கிவிட்டது. முந்தாநாள் யம்னா தூக்கத்தில் புரண்டு என் முதுகில் கையைப் போட்டாள். நான் துள்ளவில்லை. அவள் விழித்துக்கொண்டு கையை எடுக்கப் போனாள், "இருக்கட்டும்" என்றேன்.

உன்னோடு போகும்போது எல்லோர் முன்னாலும் மானம் போகக் கூடாதல்லவா. அதனால் இந்த வியாழன் தனியாகப் போய் ஒத்திகை பார்க்கப் போகிறேன், கல்தரையில் உட்கார முடிகிறதா, எழுந்திருக்க முடிகிறதா என்று. பட்டை நனைந்து உரிந்துவிடக் கூடாதென்று யம்னா ரொட்டிமாவு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை மார்பைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. சல்லாம்தான் இப்போதும் அங்கே தண்ணீர் ஊற்றுகிற ஆள், உன்னைக் கேட்டான்.

சோப்பு வாங்கிவிட்டேன்.

ஜிலாலி


லியேஜ்
29 மார்ச் 2014

ஜிலாலி,

நீ ஹம்மாமுக்கு ஒத்திகை பார்க்கப் போகிற கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. ரகியாவின் போன் போன வாரமே வந்துவிட்டது. "அப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கோம் மாமா, மூச்சு சரியா விடல" என்று அவள் சொன்னபோது நான் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்த பால் பாக்கெட்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே மருந்துக்கடை இருக்கிறது. கடைக்காரனிடம் பட்டையைப் பற்றிக் கேட்டேன். உடம்பு சூடானால் மருந்து மளமளவென்று உள்ளே இறங்கிவிடுமாம். மூன்று நாளைக்கான மருந்து. நீ ஹம்மாமின் மூன்றாவது அறையில், அந்தக் கொதிக்கிற அறையில் போய் உட்கார்ந்திருக்கிறாய், அதுவும் மார்பை பிளாஸ்டிக்கால் பொட்டலம் கட்டிக்கொண்டு. தண்ணீர்ப் பை நம் வீட்டில் இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். மடையா, நீயே அந்தப் பைக்குள் போய் உட்கார்ந்தாய்.

திட்டு எனக்கும் சேர்த்துத்தான். ஹம்மாம், ஹம்மாம் என்று ஆசை காட்டினவன் நான். நான் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் நீ வீட்டில் பூனை விரட்டிக்கொண்டு இருந்திருப்பாய். நல்லபடி ஆகிவிட்டது என்று ரகியா சொல்கிறாள். உன் கையெழுத்தைப் பார்க்கிறவரை நான் நம்பமாட்டேன். இரண்டு வரி போதும்.

போவஸ்ஸா


மெக்னாஸ்
8 ஏப்ரல் 2014

என் சகோதரனுக்கு,

இது என் கையெழுத்துதான், இந்தக் கோணலை வேறு யாரால் எழுத முடியும்?

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் உன்னைக் கேட்டா போனேன்? நடந்ததைச் சொல்கிறேன். சூடான அறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வலி மொத்தமாகப் போய்விட்டது. மூன்று இல்லை, ஒன்று இல்லை, சுத்தமாக இல்லை. இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. கல்லில் இருந்து ஏதோ அருள், பரக்கத் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று. அப்படியே கண்ணை மூடினேன்.

கிழவன் தூங்குகிறான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். சல்லாம்தான் விளையாட்டுக்கு ஒரு வாளி பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்றியிருக்கிறான். நான் அவன் தாய்தகப்பனை இழுக்காமல் சும்மா இருந்ததும் பயந்துவிட்டான். "ஜிலாலி மேல பச்சத்தண்ணி ஊத்தி ஜிலாலி திட்டலன்னா ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம்" என்று கத்திக்கொண்டே துண்டில் சுற்றித் தூக்கி ஓடியிருக்கிறார்கள். நான் இன்று உயிரோடு இருப்பது என் கெட்ட வாயினால்.

ஆஸ்பத்திரியில் பட்டையைப் பிய்த்துவிட்டு, மருந்தை முறிக்கிற ஊசி போட்டார்கள். உயிர் திரும்பி வந்தது. வலியும் டிக்கெட் எடுக்காமல் கூடவே ஏறி வந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் டாக்டர் நுஸ்ஹா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "பத்துக்கு எத்தனை ஹாஜி?" என்றாள். "பதினொண்ணு" என்றேன்.

அவள் நர்ஸைக் கோபிக்கவில்லை, என்னையும் கோபிக்கவில்லை. "தண்ணிப் பைன்னு எழுதியிருந்தத அப்படியே படிச்சுச் சொல்லிருக்கோம். இங்க யாரு தண்ணிப் பை வெக்கறாங்க? ஹம்மாம்னுல்ல சொல்லிருக்கணும்" என்று தன்னையே நொந்துகொண்டாள். இப்போது பட்டை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் முதலில் ஹம்மாம் கூடாது என்றுதான் சொல்கிறார்களாம். யம்னா மட்டும் அந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் கையில் தொடமாட்டேன் என்கிறாள். ரொட்டிமாவைத் துணி போட்டுத்தான் மூடுகிறாள்.

இடுப்புக்கும் விலாவுக்கும் ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தார்கள். முதல் இரண்டு மூன்று நாள் வலி கூடும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். கூடியது. பிறகு மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்திருக்கிறது. பட்டை மறுபடி ஒட்டியிருக்கிறேன், முன்னைவிடச் சின்ன அளவு. காய்ச்சல் வந்தாலும் உடனே சொல்ல வேண்டும், உடம்புச் சூடும் சூடுதானாம்.

ஆனால் ஹம்மாம் முடிந்தது போவஸ்ஸா. இனி எப்போதும் கிடையாது.  நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று சொன்ன அன்றுகூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை. நீ வா. ஹம்மாம் இல்லாவிட்டாலும் தேநீர் இருக்கிறது.

ஜிலாலி


லியேஜ்
20 மே 2014

ஜிலாலிக்கு ஸலாம்.

நல்லபடி வந்து சேர்ந்தேன். யம்னா கட்டிக் கொடுத்த காய்ந்த இறைச்சியை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். அவளிடம் சொல்லாதே, தின்றுவிட்டேன் என்று சொல்.

நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். குளிப்பாட்டுவதற்காக உன் வீட்டு முற்றத்தில் உன்னை முக்காலியில் உட்காரவைத்து யம்னா சட்டையைக் கழற்றியபோது நான் தண்ணீர் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். ஸ்டீயரிங் பிடித்த அந்தத் தோள் எங்கே போயிற்று என்று இருந்தது. நீ உடனே, "என்னடா, பஸ் அடையாளம் தெரியலையா?" என்றாய். அதனால் தப்பித்தேன்.

தண்ணீர் வெதுவெதுப்புக்கும் கீழே, குழந்தைக்கு ஊற்றுகிற மாதிரி. யம்னா முழங்கையை விட்டுப் பார்த்துப் பார்த்து அதை ஆறவைத்தாள். பட்டை இருந்த பக்கம் கையால் மூடிக்கொண்டாய். தோளில் தொடங்கினேன். எவ்வளவு மெதுவாகத் தேய்ப்பது என்று என் கைக்கே தெரியவில்லை. இடது விலா ஓரம் கையுறை போனதும் நீ முக்காலியில் ஒரு தட்டுத் தட்டினாய். நிறுத்தினேன். யம்னாவும் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றாள். இரண்டு தட்டு வரவே வராது, அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். அப்புறம் தட்டினாயே, தட், தட். ஜிலாலி, முப்பது வருஷம் நான் உனக்குத் தட்டியிருக்கிறேன். ஹம்மாமில் நீ தட்டியதையும் கேட்டிருக்கிறேன், ஆனால் அதற்காகக் காத்திருந்து கேட்பது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் வந்துவிடுகிறேன், திரும்பிப் போகிற டிக்கெட் இல்லாமல். மகனிடம் சொல்லிவிட்டேன். அவன், "அங்க உங்களப் பாத்துக்க யாரு இருக்கா?" என்றான். நான் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவன் இருக்கிறான் என்றேன். வாடகைக்காரனைக் கீழ்வீட்டில் இருக்கச் சொல், எனக்கு மாடி அறை போதும்.

கையுறையை உன் முற்றத்துச் சுவர் ஆணியிலேயே மறந்துவிட்டேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்பு.

போவஸ்ஸா


மெக்னாஸ்
12 ஜூன் 2014

என் சகோதரன் போவஸ்ஸாவுக்கு ஜிலாலியின் ஸலாம், யம்னாவின் ஸலாம்.

வாடகைக்காரனிடம் சொல்லியாயிற்று. மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்திருக்கிறான். இறைச்சியை நீ தின்றுவிட்டதாகச் சொன்னேன். அத்தனையையுமா என்று யம்னா வாயைப் பிளந்தாள்.

வலி இரண்டு. நிஜமான இரண்டு. டாக்டர் நுஸ்ஹா நம்பாமல் மறுபடி கேட்டாள், மேசையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினேன். இந்த வருஷம் நோன்பு வைக்கக் கூடாது என்றாள், தலையாட்டிவிட்டேன். அவளிடம் நோயைப் பற்றியும் கேட்டேன். அந்த மூன்று மாத ஊசி இப்போது அவ்வளவாக வேலை செய்யவில்லை, ரத்தப் பரிசோதனையில் எண் ஏறிக்கொண்டிருக்கிறது என்றாள். வேறு மருந்து இருக்கிறது, பார்க்கலாம் என்றாள். "நோயப் பத்தி என்னால வாக்குக் குடுக்க முடியாது ஹாஜி. வலியப் பத்திக் குடுப்பேன்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. நான் பயந்ததெல்லாம் வலிக்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

யம்னா படுக்கையில் நடுவுக்கு வந்துவிட்டாள். இப்போது நான்தான் ஓரம், அவள் குறட்டைக்காக.

கையுறையை நான் அனுப்பப் போவதில்லை. ஆணியிலேயே தொங்கட்டும். நீ வந்த பிறகு வியாழக்கிழமைதோறும் முற்றத்தில் வேலை இருக்கிறது, எத்தனை வியாழன் கிடைக்கிறதோ அத்தனை. அதற்குப் பிறகும் ஒருநாள் அதற்கு வேலை வரும். நான் கண்ணை மூடிய அன்று பள்ளிவாசலில் இருந்து மையித்தைக் குளிப்பாட்ட ஆள் அனுப்புவார்கள். நல்லவர்கள்தான், ஆனால் என் முதுகு அவர்களுக்குத் தெரியாது. நீதான் குளிப்பாட்ட வேண்டும் என்று ரகியாவிடமும் இமாமிடமும் சொல்லி வைத்துவிட்டேன். மறுக்காதே, சாவதற்கு முன்னால் ஒருவன் கேட்கிற காரியம் இது. அழுதுகொண்டு செய்யாதே, தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் கண் தெரிய வேண்டும்.

ஒரே ஒரு விஷயம். அன்றைக்கு என்னால் தட்ட முடியாது. எனக்கு அப்போது வலிக்காது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இருந்தாலும் இடது விலாப் பக்கம் வரும்போது நீயாகவே பார்த்து, மெதுவாக.

உன்
ஜிலாலி